கழுத்து மட்டும் சிவக்கட்டும்

மட்டாஞ்சேரி,
ஜூன் 21

அன்புள்ள அஞ்சனா அப்பாவுக்கு,

செல்வி எழுதுவது. நானும் அஞ்சனாவும் தம்பி அருண்பாண்டியும் நன்றாக இருக்கிறோம். அந்த ஊர்க் குளிரில் நீங்கள் காதை மூடிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே விடாத மழை. பஜார் தெருவில் அரிசி லாரிகள் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. பட்டறைக்குள் தண்ணீர் வந்தது, ஆனால் லேத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. போவதற்கு முன் நீங்கள் அதன் அடியில் கொடுத்துவிட்டுப் போன கட்டைகள் காப்பாற்றிவிட்டன.

போனில் பேச ஆரம்பித்தால் நமீபியாவின் வெட்டவெளியில் உங்கள் குரல் அறுந்துபோகிறது. "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. அதனால்தான் பேப்பரில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். ஆற அமர வாசியுங்கள். நம் மகளுக்குத் தமிழ் பேச வருமே தவிர வாசிக்க வராது என்பது இப்போது எனக்கு வசதியாகப் போய்விட்டது. எதிரில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மே, எல்லாம் பெட்டி பெட்டியா இருக்கு. அப்பாகிட்ட என்னைப் பத்தித்தானே பரதூஷணம்?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். ஆமாம், கோள்தான் சொல்கிறேன் என்றேன். அவளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. படிக்கிறாள், சண்டை போடுகிறாள், சாப்பிடுகிறாள்.

நீங்கள் அனுப்பிய வீடியோவைப் பார்க்காதவர் இந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. நேற்று கப்பல் விளக்குகளைக் கொடுக்க யூதர் தெருவுக்கு, ஜூ டவுனுக்குப் போனபோது, பழம்பொருள் கடை வெங்கிடேஸ்வரன் சாரிடமும் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னடீ செல்வி, நம்ம இசக்கிமுத்து அங்கே போய் சிங்கத்தைச் சுடறானா? விளக்குப் பண்ற கைக்குத் தோட்டா எதுக்குடீ?" என்று கேட்டார். சுடுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள், இவர் துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறையில் பித்தளை வேலை பார்க்கிறார் என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.

உட்கார்ந்து விளக்கினேன். சில பழைய வேட்டைத் துப்பாக்கிகளுக்கான தோட்டா இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. தோட்டாவின் பித்தளைக் கூடு இல்லாவிட்டால் துப்பாக்கி சுவரில் மாட்டத்தான் ஆகும். அதனால் எல்லா இடத்திலும் கிடைக்கிற சாதாரண ரைபிளின் காலிக் கூட்டை எடுத்து, நீளத்தை வெட்டி, அச்சில் வைத்து அழுத்தி, கழுத்தைக் குறுக்கி, உள்பக்கம் சீவி, அந்தப் பழைய துப்பாக்கிக்கு ஏற்றபடி மாற்றுகிறார்கள். ஒருவருக்குத் தைத்த சட்டையைப் பிரித்து இன்னொருவருக்குத் தைப்பது மாதிரி என்றேன். சார் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, "இங்கே வாரும், பாரும், நம்ம மட்டாஞ்சேரிக்காரனாக்கும்" என்று காட்டினார். பிறகு, "என் கடையிலே விளக்கு வாங்கினதாலேதானே அந்த ஹெல்கா அம்மா உங்க பட்டறையைத் தேடிண்டு வந்தா, அதை மறந்துடாதேங்கோ" என்று தன் பங்கையும் எடுத்துக்கொண்டார். விளக்கை வாங்கியவர், செய்த கையைப் பார்க்கவேண்டும் என்று மழையில் நனைந்துகொண்டு நம் பட்டறை வாசலில் வந்து நின்றதும், தன் துப்பாக்கிப் பட்டறைக்கு உங்களை அழைத்ததும் எனக்கு மறக்குமா?

இனி நீங்கள் கேட்ட விஷயம். அச்சில் அழுத்தும்போது பாதிக்குப் பாதி கூடுகளில் கழுத்து கீறி விரிசல் விட்டுவிடுகிறது என்றீர்கள். ஹெல்கா மேடம் சொல்லிக்கொடுத்தபடி கூட்டின் அடிப்பாகத்தைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி, மேலே கழுத்துக்கு மட்டும் நெருப்புக் காட்டித்தான் செய்கிறீர்கள், அப்படியும் கீறுகிறது. மேடம் ஜெர்மனிக்குப் போயிருக்கிறார். பக்கத்துப் பண்ணைக்கார யோஹான் பெரியவர், தன் அப்பாவின் ரைபிளோடு வேட்டைக்குப் போகக் காத்திருக்கிறார்.

நீங்கள் என்னிடம் கேட்டதைப் படித்ததும் கொஞ்ச நேரம் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. நான் கெமிஸ்ட்ரி படித்தவள் என்பது நம் கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்ததோடு சரி. பட்டறையில் பாலிஷ் போட்டிருக்கிறேன், பில் எழுதியிருக்கிறேன், வாடிக்கையாளரிடம் சண்டை பிடித்திருக்கிறேன். பித்தளையைப் பற்றி நீங்கள் என்னிடம் கேட்டது இதுதான் முதல்முறை. பரணில் இருந்து பழைய பாடப்புத்தகத்தை இறக்கினேன். அருண் சிரித்தான். சிரிக்கட்டும்.

பித்தளை அடியும் அழுத்தமும் வாங்க வாங்க முறுக்கேறும், சிவக்கக் காய்ச்சினால் இளகும். இது உங்களுக்குத் தெரியாததில்லை. ஒரே கூட்டில் மேல்பாதி இளகியும் கீழ்ப்பாதி முறுக்கோடும் இருந்தால் அச்சுக்குள் எப்படி ஒன்றாக இறங்கும்? பாதி வெந்த கப்பைக் கிழங்கு மாதிரி இருக்காதா? அந்தத் தண்ணீர்த் தட்டு கை சுடாமல் இருக்க மேடம் செய்துகொண்ட ஏற்பாடாகத்தான் இருக்கவேண்டும். நம் விளக்குக் கிண்ணத்துக்குச் செய்வதையே செய்யுங்கள். கூடு முழுவதும் சீராகச் சிவக்கட்டும். தண்ணீரில் போடுங்கள். பிறகு அழுத்துங்கள். ஒன்றுகூடக் கீறாது. அருணும் இதையேதான் சொல்கிறான்.

எப்படி வந்தது என்று உடனே சொல்லுங்கள். உங்கள் கைக்கு அடங்காத பித்தளை இல்லை என்று அந்த ஊர்க்காரர்களும் தெரிந்துகொள்ளட்டும். இசக்கியம்மன் உங்களைப் பார்த்துக்கொள்வாள்.

உங்கள்
செல்வி


மட்டாஞ்சேரி,
ஜூலை 8

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் அனுப்பிய குரல் பதிவை, பட்டறைக்குப் பின்னால் ஆசிட் கேன்கள் வைத்திருக்கும் இடத்தில் தனியாக நின்று கேட்டேன். இன்னொருமுறை கேட்க உடனே தைரியம் வரவில்லை. சாயங்காலம் கேட்டேன். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று தெரியவேண்டும் என்பதால் நீங்கள் சொன்னதையே இங்கே திரும்ப எழுதிப் பார்க்கிறேன்.

கூடுகள் எல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல அச்சில் இறங்கின என்று போன வாரம் சொன்னீர்கள். நான் அஞ்சனாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுற்றினேன். யோஹான் பெரியவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். வெடிமருந்து நிரப்பிக்கொள்வது அவர் வீட்டில், அவர் கையால். மிச்சமாக நின்ற ஒரு கூட்டின் வாயைச் சீவுவதற்காக நீங்கள் அதன் அடியை வைஸ் இடுக்கியில் கடிக்க வைத்து லேசாகத்தான் இறுக்கினீர்கள். வைஸின் பல் அதில் ஈயத்தில் பதிவதுபோலப் பதிந்துவிட்டது. நெருப்பே படாத கூடு ஒன்றை எடுத்து அதே மாதிரி இறுக்கினீர்கள். அதில் ஒரு கோடுகூட விழவில்லை.

அந்தத் தண்ணீர்த் தட்டு எதற்கு என்று அப்போது உங்களுக்குப் புரிந்துவிட்டது. கழுத்து இளகலாம், அடி இளகவே கூடாது. மருந்து வெடிக்கும்போது அத்தனை அழுத்தத்தையும் தாங்குவது அந்த அடி. அது விட்டுக்கொடுத்தால் நெருப்பு பின்பக்கம் திரும்பும். பின்பக்கம் இருப்பது சுடுகிறவரின் முகம்.

பெரியவர் போனை எடுக்கவில்லை. தீவன லாரிக்காரரைக் கெஞ்சி ஏறிக்கொண்டு போய், அவர் வேட்டைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஜீப்புக்கு முன்னால் பண்ணைக் கேட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். "நோ ஷூட், நோ ஷூட், மை மிஸ்டேக்" என்று நீங்கள் கத்தியதையும், அவர் உங்களைப் பைத்தியம் என்று நினைத்து ஹாரன் அடித்ததையும் சொல்லும்போது உங்களுக்கே சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. ரைபிளில் தோட்டா ஏற்றியிருந்தார் என்று அதற்கு அடுத்து சொன்னீர்களே.

அவரே சுத்தியலைக் கொடுக்க, இருவருமாக உட்கார்ந்து மருந்தைக் கொட்டிவிட்டு ஒவ்வொரு கூட்டையும் நசுக்கிப் போட்டீர்கள். ஹெல்கா மேடம் திரும்பி வந்ததும், யாரும் கேட்பதற்கு முன் நீங்களே போய்ச் சொன்னீர்கள். அவர் கத்தவில்லை. இனி நான் சொல்லும்வரை கூட்டைத் தொடாதே, துப்பாக்கிக் குழாய் துடை என்று மட்டும் சொன்னார். வைத்துக்கொள்வாரா அனுப்பிவிடுவாரா என்று தெரியாது.

இத்தனையும் சொல்லிவிட்டுக் கடைசியில், "எல்லாம் என் தப்புன்னுதான் மேடம்கிட்ட சொன்னேன். உன் பேரு வரலை. நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதே" என்றீர்கள்.

என்னால் மனதில் வைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். அருணிடம் சொன்னேன். அவனுக்குக் கோபம் உங்கள் மேல். "ஏக்கா, அத்தானுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை? கூட்டைத் திருப்பி வாங்கியாச்சுல்லா, நசுக்கியாச்சுல்லா, பெறகு அந்தம்மாகிட்டப் போயி நானே சொல்லுதேன்னு நிக்கணுமா? வாயை மூடிக்கிட்டு வேற கூடு செஞ்சு குடுத்தா யாருக்குத் தெரியும்?" என்று கத்தினான். அந்தப் பெரியவருக்குத் தெரியும் என்றேன். "அவரு கெழவரு, நாளைக்கே மறந்திருவாரு" என்றான்.

அவனிடம் வாயால் பேசிப் பயனில்லை. ஒரே பித்தளைக் கம்பியில் இரண்டு துண்டு வெட்டினேன். ஒன்றை நீங்கள் செய்தது மாதிரி, இல்லை, நான் செய்யச் சொன்ன மாதிரி, முழுவதும் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டேன். மற்றதை அப்படியே விட்டேன். இரண்டையும் அவன் கையில் கொடுத்து, எது எது என்று சொல்லாமல் அடித்துப் பார்க்கச் சொன்னேன். ஒன்றில் சுத்தியல் துள்ளியது. மற்றது ஒரே அடியில் தட்டையாகிக் கிடந்தது. அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நம்ம சொன்னதைத்தானே அத்தான் செஞ்சாரு" என்றான் கடைசியில். அதற்குப் பிறகு கத்தவில்லை. மத்தியானம் சாப்பிடவும் இல்லை.

இத்தனை வருஷம் இளகிய பித்தளையை நல்ல பித்தளை என்று நினைத்தே பழகிவிட்டோம். விளக்குக் கிண்ணம் யாரையும் எதிர்த்து நிற்க வேண்டியதில்லை. வளைந்து கொடுத்தால் போதும். அதையே கண்ணால் பார்த்திராத ஓர் இடத்துக்கும் நான் எழுதி அனுப்பினேன். அந்த அம்மா ஒரு தட்டில் தண்ணீர் வைத்திருக்கிறார் என்றால் எதற்கு என்று கேட்டிருக்க வேண்டாமா? கை சுடாமல் இருக்க என்று நானே பதிலும் எழுதிக்கொண்டேன். என்னிடம் ஒன்றைக் கேட்டார்களே என்ற சந்தோஷத்தில் இருந்தேன். யோசிக்கிறவளாக இல்லை.

ஆகவே நீங்கள் ஹெல்கா மேடத்திடம் மறுபடி போகவேண்டும். முழுக் கூட்டையும் சிவக்க வைக்கச் சொன்னது என் மனைவி என்று சொல்லவேண்டும். நீங்கள் மறைத்தது அன்பினால் என்று எனக்குத் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். எல்லாம் சரியாக வந்திருந்தால் அந்த ஊரில் உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் எல்லாம் "என் வீட்டுக்காரி சொன்ன யோசனை" என்று சொல்லியிருப்பீர்களா இல்லையா? சொல்லியிருப்பீர்கள். எனக்கும் அது வேண்டியிருந்தது. நல்லதுக்கு மட்டும் என் பெயர், கெட்டதுக்கு இல்லை என்றால் பட்டறையில் நான் யார்? வந்து போகிற விருந்தாளியா? என் பெயரைச் சொல்வதால் உங்களை அனுப்பிவிடுவார்கள் என்றால் வந்துவிடுங்கள். லேத் இருக்கிறது, நானும் இருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் முதல் வீடியோவை நேற்று பெரிதாக்கி, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கழுத்து ஏன் முதலில் கீறியது என்பதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே. வெட்டவேண்டிய இடத்தில் நீங்கள் கூட்டைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருக்கிறீர்கள். நெருப்பு விழுவது அந்தக் கோட்டுக்கு மேலே. மேடம் கழுத்தைக் காய்ச்சு என்றார், நீங்கள் இப்போது கழுத்து இருக்கிற இடத்தைக் காய்ச்சினீர்கள். அந்தக் கழுத்தில் பெரும்பகுதியை வெட்டி எறியப்போகிறோம். புதுக் கூடு குட்டையானது. அதன் கழுத்தும் தோளும் வரப்போவது கோட்டுக்குக் கீழே, இப்போது உடம்பாக இருக்கிற இடத்தில். அங்கே சூடு சரியாகப் படவே இல்லை. முறுக்கேறிய பித்தளையைக் குறுக்கினால் கீறத்தானே செய்யும்?

தட்டில் தண்ணீரும் மிக உயரமாக நிற்கிறது என்று தோன்றுகிறது. அதைக் குறைத்து, கோட்டுக்கு அடுத்துக் கீழே புதுக் கழுத்து வரும் இடம் மட்டும் சிவக்கட்டும். அடி தண்ணீரிலேயே இருக்கட்டும். ஆனால் இந்தமுறை நான் சொன்னேன் என்று செய்துவிடாதீர்கள். மேடத்திடம் காட்டுங்கள். அவர் சரி என்றால் மட்டும். அவர் இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேட்டு எனக்குச் சொல்லுங்கள்.

வெங்கிடேஸ்வரன் சார் நேற்று வழியில் பார்த்து, "இசக்கி எத்தனை சிங்கம் முடிச்சான்?" என்று கேட்டார். நடந்ததை அப்படியே சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். குடையைச் சாய்த்துக்கொண்டு கிட்டே வந்தார். "வண்டிக்கு முன்னாடி நின்னானா? துப்பாக்கி இருக்குன்னு தெரிஞ்சுமா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "உன் ஆத்துக்காரன் பெரிய ஆள்தாண்டீ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதைத்தான் நானும் சொல்ல நினைத்தேன். எனக்கு வார்த்தை வராததால் அவர் சொன்னதை எழுதுகிறேன். உங்கள் கைவேலையைப் பார்த்து நான் பெருமைப்படாத நாள் இல்லை. இப்போது அந்தக் கேட்டில் நின்றவரை நினைக்கிறேன். நான் அங்கே இருந்திருந்தால் நீங்கள் திட்டினாலும் பக்கத்தில் வந்து நின்றிருப்பேன்.

தலை குனிந்து குழாய் துடைக்காதீர்கள். நிமிர்ந்து துடையுங்கள்.

உங்கள் தப்பிலும் பங்குள்ள
பாண்டிச்செல்வி


மட்டாஞ்சேரி,
ஆகஸ்ட் 5

அன்புள்ள அஞ்சனா அப்பாவுக்கு,

ஹெல்கா மேடம் வீடியோவில் கூப்பிட்டபோது நான் கையெல்லாம் பாலிஷ் கறுப்போடு இருந்தேன் என்று அஞ்சனா ஏற்கெனவே சொல்லியிருப்பாள். "அம்மே, மதாம்மா, மதாம்மா" என்று வெள்ளைக்கார அம்மா முகம் தெரிகிற போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அந்த அம்மா வணக்கம்கூடச் சொல்லவில்லை. "நீதான் அந்தக் கெமிஸ்டா?" என்று இங்கிலீஷில் கேட்டார். ஆமாம் என்றேன். "உன்னிடமிருந்து எனக்கு இரண்டு யோசனை வந்திருக்கிறது. ஒன்று ஒரு மனிதனின் கண்ணைப் பறித்திருக்கும். இன்னொன்று சரி. மூன்றாவது ஏதாவது இருந்தால் உன் கணவனிடம் சொல்லாதே, நேராக என்னிடம் சொல்" என்றார். அதற்குப் பிறகுதான் சிரித்தார். அருண் பின்னால் நின்றுகொண்டு, "ஏக்கா, என்ன சொல்லுது, என்ன சொல்லுது?" என்று சேலையை இழுத்துக்கொண்டே இருந்தான்.

பிறகு அவர் கொஞ்சம் மெதுவாகப் பேசினார். அந்தத் தட்டு எதற்கு என்று ஊருக்குப் போகும் முன் நான் உன் கணவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும், பித்தளைக்காரனுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன், அதில் என் பங்கும் இருக்கிறது என்றார். நான் உங்களுக்கு எழுதியதைப் போலவே இருந்தது. என் பெயரைச் சொல்லச் சொன்னேன், சொல்லிவிட்டீர்கள். சொல்ல உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நன்றி.

அவர் பக்கத்தில் நின்று பார்க்க, நீங்கள் மறுபடி செய்த கூடுகளின் படங்கள் எல்லாம் வந்தன. கழுத்திலும் தோளிலும் மட்டும் அந்த நீலமும் மஞ்சளுமான நிறம் படர்ந்து, அடி பழைய நிறத்திலேயே இருக்கிறது. எனக்கு அது நகை மாதிரி இருந்தது. சரிப்படாத ஒன்றிரண்டை நீங்களே ஒதுக்கிப் போட்டதையும் அஞ்சனா படத்தில் காட்டினாள். உள்பக்கம் தடித்துப்போன கழுத்தை மயிரிழையாகச் சீவி எடுத்தது உங்கள் கை என்று நான் சொல்லாமலே மேடத்துக்குத் தெரிந்திருக்கிறது. இந்த வேலைக்கு நான் வேறு ஆளைப் பார்க்கமாட்டேன் என்று என்னிடம் சொன்னார். உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார். அவரைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது.

ரைபிளைப் பலகையில் கட்டி, எல்லோரும் சுவருக்குப் பின்னால் நின்று, கயிற்றைக் கட்டி இழுத்துச் சுட்டுப் பார்த்த வீடியோவை நான் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் முதலில் பார்த்தேன். சுட்ட கூட்டை நீங்கள் உள்ளங்கையில் வைத்துக் காட்டினீர்கள். அடியில் விரிசல் இல்லை. கருக்கவில்லை. அடுத்ததிலும் இல்லை. அருண் உங்கள் கூட்டின் படத்தைத் தன் போனில் வைத்துக்கொண்டு, லேத்துக்கு வருகிறவர்களிடம் எல்லாம், "எங்க அத்தான் செஞ்சது. கழுத்து மட்டும் செவக்கணும். அடி செவந்துச்சுன்னா ஆளு காலி" என்று பாடம் நடத்துகிறான். போன மாதம் வாயை மூடச் சொன்னவன்.

இனி நீங்கள் என்னிடம் முடிவு கேட்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டு மற்றதை எல்லாம் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை யோஹான் பெரியவர் புதுக் கூடுகளோடு ரைபிளைத் தோளில் வைத்து முதல்முறையாகச் சுடப்போகிறார். உங்களையும் பக்கத்தில் வந்து நிற்கச் சொல்கிறார். "நீ செய்ததை நம்பி நான் ரைபிளில் கன்னத்தை வைக்கிறேன். நீ எங்கே நிற்பாய்?" என்று கேட்டாராம். ஹெல்கா மேடம், தேவையில்லை, சுவருக்குப் பின்னால் நின்றால் போதும், யாரும் குறை சொல்லமாட்டார்கள் என்கிறார். நீங்கள் என்னைக் கேட்கிறீர்கள்.

வேண்டாம் என்று எழுதினேன். ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். அஞ்சனாவைப் பற்றியும் என்னைப் பற்றியும் சொல்லக்கூடிய எல்லாவற்றையும் எழுதினேன். பிறகு அதைக் கிழித்துவிட்டேன்.

கயிறு கட்டிச் சுட்டதிலேயே கூடு தாங்கும் என்று தெரிந்துவிட்டது. மேடம் ஒவ்வொன்றையும் கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறார். பயப்படக் காரணம் இல்லை என்று எனக்கே தெரிகிறது. ஆனாலும் பயமாக இருக்கிறது. அந்தப் பயம் பெரியவருக்கும் இருக்காதா? தப்பான கூட்டை அவர் கையில் கொடுத்ததும் நாம்தான். அதை நம்பி ஒருமுறை தோட்டாவும் ஏற்றிவிட்டார். மறுபடியும் நம்பி முகத்தை வைக்கப்போகிறார். மட்டாஞ்சேரியில் எந்தக் கோவிலில், எந்த வீட்டில் நீங்கள் செய்த தூக்குவிளக்கைக் கயிற்றில் ஏற்றினாலும், அது மேலே போய் நிற்கும்வரை அதன் நேர் அடியில் நிற்பது நீங்கள்தான். நான் எத்தனை முறை கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். வந்ததே இல்லை. கனத்த பித்தளை தலைக்கு மேல் ஆடும்போது, "நான் செஞ்சதுக்கு நானே பயந்தா வேற யாரு நிப்பா?" என்று சொல்லிவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். அப்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும். உங்களிடம் ஒருமுறைகூடச் சொல்லாதது என்னவென்றால், வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்துக்கொள்வேன்.

நில்லுங்கள். அவர் பக்கத்திலேயே, அவர் திரும்பினால் உங்கள் முகம் தெரிகிற இடத்தில் நில்லுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். பெரியவருக்கும் ஒன்றைக் கொடுங்கள், மறுத்தால் என் பெயரைச் சொல்லிப் போடவையுங்கள். அவர் சுடும் நேரத்தில் இங்கே நான் பட்டறையைப் பூட்டிவிட்டு ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருப்பேன். சுட்டு முடித்ததும் முதலில் அவர் கண்ணைப் பாருங்கள். பிறகு கூட்டின் அடியைப் பாருங்கள். மூன்றாவதாக என்னைக் கூப்பிடுங்கள். பேச ஒன்றும் வேண்டாம். நீங்கள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டால் போதும்.

உங்களுக்கும் அந்தப் பெரியவருக்கும் ஒரு குறையும் வராது.

உங்கள் பக்கத்தில் நிற்கிற
செல்வி